உங்களுக்குத் தெரியுமா? – திருநீறு, தாயத்து, சர்க்கரை உருண்டை

● பிரான்ஸின் லூர்து நகரில் 1858-ல் பெர்னதெத் சுபிரு என்ற 14 வயது ஏழைப் பெண்ணுக்கு மாதா 18 முறை காட்சி கொடுத்ததாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து அங்குள்ள ஊற்றுத் தண்ணீருக்காகக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். நம் வேளாங்கண்ணிக்கு ‘கிழக்கின் லூர்து’ என்ற பட்டம் வந்தது அந்த ஊரை வைத்துத்தான். குணமாகிவிட்டது என்று இதுவரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் திருச்சபை அற்புதமாக ஏற்றுக்கொண்டது எத்தனை? 2018-ல் அறிவிக்கப்பட்டது 70-வது. அதற்குப் பிறகு சேர்ந்தவை ஒன்றிரண்டு.

காரணம், 1883 முதல் அங்கே இயங்கும் மருத்துவ அலுவலகம். நோய் நிஜமாகவே கடுமையானதா, சாப்பிட்ட மருந்தால் குணமாகியிருக்குமா, திடீரென்று குணமானதா, முழுசாகக் குணமானதா, திரும்ப வந்ததா என்று வருடக்கணக்கில் துருவுகிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் டாக்டர்கள் ‘அற்புதம்’ என்று எழுதிக் கொடுப்பதில்லை. ‘இன்றைய மருத்துவத்தால் விளக்க முடியவில்லை’ என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. அற்புதம் என்று அறிவிப்பது பிஷப். நம் ஊர் மைதானக் கூட்டங்களில் ஒரே ராத்திரியில் மேடை ஏறும் சாட்சிகளை நினைத்துப் பார்த்தால், லூர்துக்காரர்கள் மகா கஞ்சர்கள்.

காட்சி கண்ட பெர்னதெத் காசநோய் முற்றி 1879-ல் இறந்தார். வயது 35.

● ஜாக்கலின் டஃபின் கனடாவைச் சேர்ந்த ரத்தநோய் மருத்துவர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஒருநாள் அவரிடம் எலும்பு மஜ்ஜைக் கண்ணாடித் தகடுகளைக் கொடுத்து, யாருடையது, எதற்கு என்று எதுவும் சொல்லாமல் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார். கொடூரமான ரத்தப் புற்றுநோய். இந்தப் பெண் எப்போதோ இறந்திருப்பார், யாரோ டாக்டர்மேல் கேஸ் போடத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பெண் உயிரோடு இருந்தார்! டஃபினின் அறிக்கை போய்ச் சேர்ந்த இடம் வத்திக்கான். அந்தச் சாட்சியமும் சேர்ந்துதான் 1990-ல், நோயாளி வேண்டிக்கொண்ட மார்கரீத் தியூவில் என்ற கனடியப் பெண் துறவி புனிதராக்கப்பட்டார். ஆர்வம் தொற்றிக்கொள்ள, டஃபின் வத்திக்கான் ஆவணக் காப்பகத்துக்குள் நுழைந்து 1588 முதல் 1999 வரையிலான 1,400-க்கும் மேற்பட்ட அற்புதக் கோப்புகளைப் படித்தார். அவற்றில் மிகப் பெரும்பாலானவை நோய் குணமான கதைகள். கூடவே டாக்டர் சாட்சிகளும். சாமியாரே போதும் என்று வத்திக்கான் விட்டுவிடவில்லை.

● உலகத்தின் முதல் ‘கண்ணைக் கட்டிய’ மருத்துவச் சோதனைகளில் ஒன்று ஒரு தோட்டத்தில் நடந்தது. வருடம் 1784. இடம் பாரிஸ் அருகே பாஸி. உடலுக்குள் ஓடும் காந்தத் திரவத்தைக் கையசைத்தே சரிசெய்கிறேன் என்று மெஸ்மர் என்ற வைத்தியர் பாரிஸையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்த காலம். பெண்கள் வலிப்பு வந்து விழுவார்கள், எழுந்து ‘சொஸ்தமாயிற்று’ என்பார்கள். அரசர் 16-ஆம் லூயி விசாரணைக் குழு போட்டார். தலைவர், அமெரிக்கத் தூதராக அங்கே இருந்த பெஞ்சமின் ஃப்ராங்க்ளின். சிறுநீர்ப்பைக் கல், கீல்வாதத் தொல்லையால் வீட்டைவிட்டு அசைய முடியாத நிலை. ஆகவே சோதனை அவர் வீட்டுத் தோட்டத்திலேயே.

மெஸ்மரின் சீடர் ஒரு மரத்துக்கு மட்டும் காந்த சக்தி ஏற்றினார். பிறகு அவரே தேர்ந்தெடுத்துக் கூட்டிவந்த 12 வயதுப் பையனின் கண்ணைக் கட்டி, சக்தி ஏற்றாத மரங்களாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடிக்க வைத்தார்கள். முதல் மரத்தில் வியர்த்தான், இருமினான். அடுத்ததில் தலைவலி என்றான். நான்காவது மரத்தடியில் மயங்கியே விழுந்தான். சக்தி ஏற்றிய மரமோ பல அடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. திரவமும் இல்லை, காந்தமும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு எழுதியது. ஆனால் பையன் நடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் நிஜமாகவே மயங்கினான்.

(அந்தக் குழுவில் வேதியியல் மேதை லவாய்சியரும் இருந்தார், டாக்டர் கில்லட்டினும் இருந்தார். பத்து வருடம் கழித்து லவாய்சியரின் தலையை வெட்டிய இயந்திரத்துக்குப் பெயர் கில்லட்டின்.)

● இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் கண்டமாலைக்கு ராஜ வைத்தியம் என்றால் அசல் ராஜ வைத்தியம்: அரசர் கையால் தொடுவார். ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜான்சனைச் சிறு குழந்தையாக 1712-ல் ஆன் அரசியிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அரசி தொட்டுத் தங்கக் காசும் கட்டிவிட்டார். காசை ஜான்சன் வாழ்நாள் முழுக்க அணிந்திருந்தார். தழும்பும் வாழ்நாள் முழுக்க இருந்தது.

● எலிஷா பெர்க்கின்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1796-ல் இரண்டு உலோகக் குச்சிகளுக்குக் காப்புரிமை வாங்கினார். வலிக்கும் இடத்தில் தடவினால் வலியை உருவி எடுத்துவிடுமாம். ஜார்ஜ் வாஷிங்டனே ஒரு ஜோடி வாங்கினார் என்றால் வியாபாரம் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் ஜான் ஹேகார்த் என்ற டாக்டர் 1799-ல் ஒரு குறும்பு செய்தார். மரக்குச்சிக்கு உலோக வண்ணம் பூசி ஐந்து வாதநோயாளிகளுக்குத் தடவினார். நான்கு பேர் வலி குறைந்தது என்றார்கள். மறுநாள் அசல் குச்சி. அதே பலன்!

பெர்க்கின்ஸ் மோசடிக்காரர் அல்ல போலிருக்கிறது. மஞ்சள் காய்ச்சலுக்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டதாக நம்பி, நோய் பரவிக்கிடந்த நியூயார்க்குக்கு அதே வருடம் போனார். மஞ்சள் காய்ச்சலிலேயே இறந்தார். நம்பாமல் விற்றவர்கள் யாரும் அந்த ஊர்ப் பக்கம் போயிருக்க மாட்டார்கள்.

● ஹோமியோபதியில் ‘30 சி’ என்றால் என்ன? ஒரு சொட்டு மூலச்சாறு, 99 சொட்டு சாராயம், குலுக்கு. அதிலிருந்து ஒரு சொட்டு, மறுபடி 99 சொட்டு, குலுக்கு. இப்படி 30 தடவை. 12-ஆம் தடவை தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரே ஒரு மூலக்கூறு மிஞ்சியிருக்கும் வாய்ப்பும் கிட்டத்தட்டப் போய்விடுகிறது. 30-ல்? ஒன்றுக்குப் பின்னால் 60 சைபர் போட்டு, அதில் ஒரு பங்கு. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு இருக்கும் ஆய்வுகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, எந்த ஒரு நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பகமான சான்று இல்லை என்று 2015-ல் அறிவித்தது.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹோமியோபதி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் புத்திசாலிகள்தான். 1854-ல் லண்டனில் காலரா. லண்டன் ஹோமியோபதி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் சுமார் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். மற்ற ஆஸ்பத்திரிகளில் பாதிக்கும் மேல். அங்கெல்லாம் ஏற்கெனவே வற்றிக்கிடந்த நோயாளிக்கு ரத்தம் வேறு எடுத்தார்கள், பேதி மருந்து கொடுத்தார்கள், பாதரச உப்பு கொடுத்தார்கள். சர்க்கரை உருண்டை ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாததே அன்றைக்குப் பெரிய வைத்தியம்.

● மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் முதல் பேச்சே கீழாநெல்லிதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழு அதைச் சும்மா விடவில்லை. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடி, மற்றவர்களுக்கு வெற்றுப் பொடி என்று 30 நாள் கொடுத்துப் பார்த்தது. 1988-ல் புகழ்பெற்ற ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் தடயம் மறைந்தது, வெற்றுப் பொடிக்காரர்கள் 23 பேரில் ஒருவருக்குத்தான். ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் கட்டுரையின் கூட்டாசிரியர். உலகமே கீழாநெல்லியைத் தேடியது.

அடுத்து நடந்ததுதான் அறிவியல். வேறு நாடுகளில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் வரவில்லை. பல சோதனைகளையும் சேர்த்து எடைபோட்டவர்கள், உறுதியான சான்று இல்லை என்று முடித்தார்கள். ‘அப்படியானால் எங்கள் தாத்தாவுக்குக் குணமானது?’ என்று கேட்பீர்கள். காமாலையில் பல வகை. தண்ணீர் மூலம் வரும் ஹெபடைட்டிஸ் ஏ வகை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும். மருந்து சாப்பிட்டாலும் போகும், சாப்பிடாவிட்டாலும் போகும். பெயர் மட்டும் கடைசியாக யார் கையால் சாப்பிட்டோமோ அவருக்கு. பித்தநாளத்தில் அடைப்பு, கட்டி என்று வேறு காரணத்தால் வந்த காமாலைக்கும் ரத்தப் பரிசோதனை செய்யாமல் பத்தியம் இருந்துகொண்டிருப்பதுதான் ஆபத்து.

● சூலை நோய் நீங்கிய அப்பர், திருநீற்றால் பாண்டியனின் வெப்பு நோய் தீர்த்த சம்பந்தர் – இந்தக் கதைகள் நமக்குத் தெரியும். சம்பந்தர் திருவாசியில் கொல்லிமழவனின் மகளுக்குத் தீர்த்த நோயின் பெயர் ‘முயலகன்’. அது வலிப்பு நோய் என்பது பலரின் கருத்து. நடராஜரின் காலடியில் கிடக்கிறானே, அவன் பெயரும் அதுவே.

● கண் வலி போனால் அம்மனுக்குக் கண்மலர், கால் குணமானால் வேளாங்கண்ணியில் வெள்ளிக் கால். கிரேக்கர்களும் வைத்தியக் கடவுள் அஸ்கிலேபியஸுக்கு இதையேதான் செய்தார்கள். கொரிந்து நகரில் தோண்டியபோது சுடுமண் கை, கால், காது என்று குவியலாகக் கிடைத்தன. எபிடாரஸ் கோயில் கல்வெட்டுகளில் சுமார் 70 அற்புதங்கள் பதிவாகியிருக்கின்றன. உடைந்த கோப்பை ஒன்றைக் கடவுள் ஒட்டிக்கொடுத்ததும் அதில் ஓர் அற்புதம்.

● ‘இங்கு குழந்தைகளுக்குத் தொக்கம் எடுக்கப்படும்’ என்ற தகரப் பலகையைப் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. குழந்தை சாப்பிட மாட்டேன் என்கிறது, வாந்தி எடுக்கிறது. உள்ளே ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்று தூக்கிக்கொண்டு போவார்கள். வயிற்றில் எண்ணெய் தடவி, ஒரு குழலை வைத்து, எடுப்பவர் வாயால் உறிஞ்சுவார். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தில் துப்பிக் காட்டுவார்: இட்லித் துணுக்கு, மிளகாய் விதை, முடிச்சுருள். தாய்க்குக் கண்ணில் நீர் வந்துவிடும்.

சாப்பிட்டது இரைப்பையில் சில மணி நேரம்தான் இருக்கும். அங்கிருந்து தோலையும் சதையையும் தாண்டிக் குழலுக்குள் வர வழியே கிடையாது. வந்தது எங்கிருந்து என்றால், உறிஞ்சியவர் வாயிலிருந்து. இதே வித்தையைப் பிலிப்பைன்ஸில் ரத்தத்தோடு செய்தார்கள். கத்தி இல்லாமல் வெறும் விரலால் வயிற்றைத் திறந்து கட்டியை எடுக்கும் ‘ஆன்மிக அறுவை’. எடுத்துக் காட்டியது கோழிக் குடல், மாட்டு ரத்தம். 1975-லேயே அமெரிக்க வர்த்தக ஆணையம் இதைச் சுத்தப் புரட்டு என்று சொல்லிவிட்டது. ஆனாலும் நுரையீரல் புற்றுநோய் வந்த அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஆண்டி காஃப்மன் 1984 மார்ச்சில் அங்கே போனார். மே மாதம் இறந்தார்.

● ஆஸ்துமாக்காரர்களை வைத்து 2011-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு முறை நிஜ இன்ஹேலர், ஒரு முறை வெற்று இன்ஹேலர், ஒரு முறை போலி அக்குபஞ்சர், ஒரு முறை எதுவுமே இல்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டால் முதல் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பதில்: நன்றாக மூச்சு விட முடிகிறது! மூச்சை ஊதவைத்து அளந்தால்? நிஜ இன்ஹேலருக்கு 20 சதவீத முன்னேற்றம். மற்ற மூன்றுக்கும் 7 சதவீதம்தான், எதுவுமே செய்யாததற்கும் அதே 7. இந்தப் பத்தியில் ஒன்றை மட்டும் வெட்டி வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வெட்டுங்கள். வலி, பதற்றம், களைப்பு விஷயத்தில் ‘நன்றாக இருக்கிறது’ என்ற உணர்வே பாதி மருந்து. ஆஸ்துமாவில் அந்த உணர்வை நம்பிச் சும்மா இருந்தால் ஆளே போய்விடலாம்.

● ஆஸ்துமா என்றதும் ஹைதராபாத்தின் விரால் மீன் வைத்தியம் ஞாபகம் வரும். வருடா வருடம் ஜூனில் மிருகசீரிஷக் கார்த்தி நாளில், குட்டி விரால் மீனின் வாயில் மஞ்சள் மருந்தை வைத்து உயிரோடு விழுங்கவைக்கிறார்கள். சைவர்களுக்கு வெல்லத்தில். முன்பு ‘மீன் மருந்து’ என்றார்கள். மருந்து என்றால் நிரூபி என்று கேள்வி வந்தபின் ‘மீன் பிரசாதம்’ ஆகிவிட்டது. பிரசாதத்தை யார் பரிசோதிப்பது?

● பிறர் செய்யும் பிரார்த்தனை இதய ஆபரேஷனுக்கு உதவுமா? பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை வைத்து அமெரிக்காவில் ஆராய்ந்து 2006-ல் முடிவைச் சொன்னார்கள். உதவவில்லை. உங்களுக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறோம் என்று சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. தெரியாமலே பிரார்த்திக்கப்பட்டவர்களில் 52, பிரார்த்தனையே இல்லாதவர்களில் 51. ‘நமக்காகக் கூட்டமாக ஜெபிக்கும் அளவுக்கு நிலைமை மோசமா?’ என்ற பயம் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

● மேடையிலிருந்தபடியே முன்பின் தெரியாதவர்களின் பெயர், தெரு, நோய் எல்லாம் சொன்னார் அமெரிக்க ஊழியக்காரர் பீட்டர் போபாஃப். ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் கலைஞர் 1986-ல் ஒரு ரேடியோ வாங்கியோடு கூட்டத்துக்குள் ஆள் அனுப்பினார். 39.17 மெகாஹெர்ட்ஸில் கடவுளின் குரல் கேட்டது. அது போபாஃபின் மனைவி குரல்! கூட்டத்தினர் முன்கூட்டியே எழுதிக்கொடுத்த ஜெப விண்ணப்பங்களை அவர் காதுக் கருவியில் வாசித்துக்கொண்டிருந்தார். டிவியில் ஒளிபரப்பானது. அடுத்த வருடம் போபாஃப் திவால். சில வருடங்கள் கழித்து அதே டிவியில் ‘அற்புத ஊற்று நீரோடு’ திரும்பி வந்துவிட்டார்.

● 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தது அன்று விவரம் தெரிந்த வயதில் இருந்த எல்லோருக்கும் நினைவிருக்கும். டெல்லியிலிருந்து லண்டன் வரை குடித்தார். அறிவியலாளர்கள் பாலில் சாயம் கலந்து நீட்டினார்கள். கரண்டியிலிருந்து வந்த பால் தும்பிக்கை வழியாக மெல்லிய படலமாகக் கீழே வழிந்தது வண்ணத்தில் தெரிந்தது. பரப்பு இழுவிசை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஊரில் பால் தீர்ந்துவிட்டது.

● பூக்குழி இறங்குபவர்களுக்குக் கால் சுடாதது விரதத்தாலா? 1935-ல் காஷ்மீரைச் சேர்ந்த குடா பக்ஸை இங்கிலாந்தில் தீ மிதிக்க வைத்து, முன்னும் பின்னும் பாதத்தை டாக்டர்கள் பரிசோதித்தார்கள். கொப்புளம் இல்லை. மரக்கரியும் சாம்பலும் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். பாதம் படும் நேரமோ அரை நொடிகூட இல்லை. கிராமத்தில் பாட்டிகள் தணலை வெறும் விரலால் எடுத்து அடுத்த அடுப்பில் போடுவார்கள். அதே பாட்டி காய்ந்த தோசைக்கல்லைத் தொட மாட்டார். நடக்கும்வரை சரி. தடுக்கி விழுந்தால் பக்தருக்கும் சுடும்.

● மாரியம்மனும் தன்வந்திரியும் சேர்ந்து அம்மைத் தடுப்பூசிக்குப் பிரசாரம் செய்த கதை தெரியுமா? திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லிஸ் துரை சென்னைக் கலெக்டராக இருந்தவர். பசு அம்மையிலிருந்து எடுத்த தடுப்பு மருந்தைக் குத்திக்கொள்ள ஜனங்கள் தயங்கியபோது, தேவியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதாகப் பழைய நூல் போலத் தமிழிலேயே ஒரு கதை எழுதினார். பசு தரும் பஞ்சகவ்யம் ஐந்து. இந்த மருந்து ஆறாவது. எப்படி! நல்ல காரியத்துக்காகச் சொன்ன பொய் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இந்தமாதிரி ‘பழைய ஏட்டில் இருக்கிறது’ என்ற சரக்குகளை நம்பி, தடுப்பூசியே நம் முன்னோர் கண்டுபிடிப்பு என்று பின்னால் பலர் சாதித்தார்கள்.

இந்தியாவில் பெரியம்மை கடைசியாக வந்தது 1975-ல். 1980-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். இப்போது வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவது சின்னம்மைக்கு. அது பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்குள் தானே இறங்கிவிடும். வேப்பிலைக்கும் ஒரு புண்ணியம் உண்டு: தோரணத்தைப் பார்த்தால் பக்கத்து வீட்டார் உள்ளே வரமாட்டார்கள். அம்மை பரவுவது குறையும்.

● 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியோடு 28 பேர் கருகினார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017-ன் மனநலச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகத் தடுக்கிறது.

இதற்கு மறுபக்கமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரை மனநல மருத்துவர்கள் கவனித்து, 2002-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார்கள். மருந்து கிடையாது. காலையில் பூஜை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. கூடவே வீட்டு மனிதர் ஒருவர். சராசரியாக ஆறு வாரத்தில் நோய் அறிகுறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தன. யாரும் விரட்டவில்லை, அடிக்கவில்லை, பேய் என்று சொல்லவில்லை. என் கருத்து: குணப்படுத்தியது அந்த மரியாதை. அதே கோயிலுக்கு வாரம் ஒரு மனநல டாக்டரும் வந்து மாத்திரை கொடுத்தால் இன்னும் எவ்வளவோ பேர் தேறுவார்கள். குஜராத்தின் உனாவா தர்காவில் ‘துவாவும் தவாவும்’, அதாவது பிரார்த்தனையும் மருந்தும், என்று இதையே செய்கிறார்கள்.

● புற்றுநோய்க்காரர்களுக்கான புனிதர் இத்தாலியின் பெரெக்ரீன். காலில் இருந்த பெரிய புண்கட்டி, வெட்டுவதற்கு முந்தைய இரவு மறைந்துவிட்டதாம். சிரிக்க வேண்டாம். கட்டி தானாகக் கரைவது மிக மிக அபூர்வமாக நடக்கத்தான் செய்கிறது. நியூயார்க் டாக்டர் வில்லியம் கோலி, கழுத்துக் கட்டியோடு சாகக் கிடந்த ஒருவர் கடுமையான தோல் தொற்றுக் காய்ச்சல் வந்து பிழைத்ததைப் பழைய பதிவேட்டில் படித்தார். ஆளைத் தேடி நகரத்துச் சந்துபொந்தெல்லாம் அலைந்து கண்டுபிடித்தார். நலமாக இருந்தார்! 1891-ல் கோலி வேண்டுமென்றே கிருமியைச் செலுத்தி வைத்தியம் ஆரம்பித்தார். பல காலம் கேலி செய்யப்பட்ட யோசனை. உடலின் எதிர்ப்புச் சக்தியை ஏவிப் புற்றுநோயை அடக்கும் வழிக்கு 2018-ல் நோபல் கிடைத்தது. இன்றைக்கும் ஆரம்ப நிலைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைத்தான் உள்ளே செலுத்துகிறார்கள்.

● சீனாவின் தூ யூயூ, நான்காம் நூற்றாண்டு வைத்திய நூல் ஒன்றில் மாசிபத்திரி இனத்துச் செடியைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கவனித்தார். நாம்தான் கொதிக்கவைத்துக் கெடுக்கிறோமோ? சூடேற்றாமல் சாறெடுத்தார். மலேரியா மருந்து ஆர்ட்டெமிசினின் கிடைத்தது, 2015-ல் நோபலும். பாட்டி வைத்தியத்தைப் பரிசோதித்துத் தேறினால் அதற்குப் பெயர் வைத்தியம். அவ்வளவுதான்.

● குணப்படுத்தக்கூடிய நிலையிலிருந்த புற்றுநோய்க்கு மாற்று வைத்தியம் மட்டுமே போதும் என்று இருந்த 281 அமெரிக்கர்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். ஆங்கில மருத்துவம் பார்த்துக்கொண்டவர்களைவிட அவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல்.

● ‘அற்புத சக்தி இருப்பதாகச் சொல்பவர் யாராயினும் மோசடிக்கு இடமில்லாத சூழலில் செய்து காட்டட்டும், ஒரு லட்சம் ரூபாய்’ என்று 1963-ல் இலங்கையில் சவால் விட்டவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்துக்காரர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். 1978-ல் இறக்கும்வரை பணம் அப்படியே இருந்தது. அவர் வழியில் வந்த பிரேமானந்த் கோவை போத்தனூரில் இருந்து பத்திரிகை நடத்தி, விபூதி வரவழைப்பது எப்படி என்று ஊர் ஊராகச் செய்துகாட்டினார். 2009-ல் மரணப் படுக்கையில் இருந்தபோது, ‘கடைசி நேரத்தில் சாமி கும்பிட்டார் என்று யாரும் கிளப்பாதீர்கள்’ என்கிற பொருளில் முன்ஜாக்கிரதையாக அறிக்கையும் விட்டார்.

● சர்க்கரை நோய், புற்றுநோய், வலிப்பு, கண்பார்வை இழப்பு, குழந்தையின்மை, ஏன், உயரம் வளர்ப்பது உட்பட 54 பிரச்சினைகளுக்கு ‘குணப்படுத்துகிறோம்’ என்று விளம்பரம் செய்வது இந்தியாவில் குற்றம். சட்டம் வந்தது 1954-ல். தாயத்து, மந்திரம், கவசம் மூன்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. இன்று காலை நாளிதழை இன்னொரு தடவை புரட்டிப் பாருங்கள்.

● பாம்பு கடித்தால் நச்சுக்கல்லை ஒட்டவைத்து விஷம் இறக்குபவர்களுக்கு இவ்வளவு நல்ல பெயர் எப்படி? கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப் பாம்பும் பல சமயம் விஷம் இறக்காமல் கடிக்கும். அந்தக் கேஸ்களில் எல்லாம் கல் ஜெயிக்கும். பாம்பை நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்த இருளர்கள் சென்னை அருகே வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்து என்ன செய்கிறார்கள் தெரியுமா? நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து விஷம் எடுத்து, மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். விஷமுறிவு ஊசி அதிலிருந்துதான் தயாராகிறது.

● நாய்க்கடிக்கு மந்திரிப்பவருக்கும் அதே ராசி. கடித்த நாய்க்கு வெறி இல்லையென்றால் மந்திரம் பலித்துவிடும். வெறி இருந்தால், அறிகுறி தெரிய வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதற்குள் மந்திரித்தவருக்குத் தட்சிணை போய்ச் சேர்ந்திருக்கும். அறிகுறி வந்தபின் பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-லேயே இந்த வேலைக்காக வந்தது. ஆகவே நாய் கடித்தால், பிராண்டினாலும்கூட, மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, மீதித் தேதிகளைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றைக்கூட விடாதீர்கள். அரசு மருத்துவமனையில் இந்த ஊசி இலவசம்.